இறவாரத்தில் தவறும் தண்ணீர்: தியாகதுருகத்துக் கட்டடத் தொழிலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தியாகதுருகம் பேரூராட்சியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வேலை செய்யும் கொத்தனார்கள், தச்சர்கள், ஷீட் போடுவோர், வெல்டிங் பட்டறையினர், பிளம்பர்கள் ஆகியோருக்கும், அவர்களை வேலைக்கு அழைக்கும் வீட்டுக்காரர்களுக்கும் எழுதப்படுவது இம்மடல்.

கூரையில் விழுந்த மழை தொட்டிக்குப் போய்ச் சேராமல் வாசலில் சேறாகிப் போனால் தொட்டியையோ குழாயையோ குறை சொல்வது வழக்கமாக இருக்கிறது. ஆனால் ஓட்டு வீடுகளிலும் ஷீட் வீடுகளிலும் அந்தத் தண்ணீர் தவறும் இடம் பெரும்பாலும் அவை இரண்டுக்கும் முன்னதாக, கூரை முடிந்து வெட்டவெளி தொடங்கும் ஒரு சாண் இடத்திலேயே இருக்கிறது. சுவரைத் தாண்டி வெளியே நீண்டு முடியும் அந்தக் கூரை ஓரத்திற்கு இறவாரம் என்று பெயர். அதன் கீழே, விழும் நீரை ஏந்திக் குழாய்க்குக் கொண்டுபோகக் கட்டப்படும் திறந்த வாய்க்காலை ஈழத்தமிழர் பீலி என்பர். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அதற்குக் கட்டர் என்ற பெயரே வழங்கினாலும், சாக்கடையையும் அதே சொல்லால் குறிப்பதால் நேரும் குழப்பத்தைத் தவிர்க்க, இம்மடல் பீலி என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறது. இறவாரத்திற்கும் பீலிக்கும் இடையிலுள்ள சில விரற்கடை இடைவெளியைப் பற்றித்தான் இம்மடல் முழுவதும் பேசுகிறது.

இந்தச் சிறு இடைவெளிக்கு இத்தனை முதன்மை தருவது மிகையாகத் தோன்றலாம் என்பதால், அதன் வழியே போகும் நீரின் அளவை முதலில் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. தியாகதுருகம் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மி.மீ. மழை பெய்கிறது, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் ஆகும் என்பதால், மேலிருந்து பார்க்கையில் 60 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு நடுத்தர வீட்டின் கூரையில் ஆண்டுக்கு 60,000 லிட்டர் விழுகிறது. ஓடு உறிஞ்சுவது, ஆவியாவது, சிதறுவது ஆகியவற்றுக்கென ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 48,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி நான்கு முறை வந்து ஊற்றும் தண்ணீர் மிஞ்சும். தியாகதுருகத்தின் நிலத்தடி கடினப் பாறையாலானது. அப்பாறையின் வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும் மட்டுமே நீர் தங்கும் என்பதால் ஓர் ஆழ்துளைக் கிணற்றில் நீர் கிடைப்பதும் பக்கத்து மனையில் கிடைக்காமல் போவதும் இங்கே புதிதல்ல. கிடைக்கும் நீரிலும் உப்பு மிகுந்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும், பருப்பு வேக நேரமாகும். அண்டாவிலும் தவலையிலும் மழைத்தண்ணீர் பிடித்துச் சமைத்த தலைமுறைக்கு, அந்த நீரில் பருப்பு எவ்வளவு விரைவில் வெந்தது என்பது நினைவிருக்கும்.

மழைநீர் சேகரிப்பைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசப்படாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் புதிய கட்டடங்களோடு நில்லாமல் பழைய கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பை ஆகஸ்ட் 31ஆம் நாளுக்குள் நிறுவவேண்டும் என்று கட்டாயமாக்கியது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் அக்கடமையைத் தொடர்கின்றன. நாட்டுக்கே முன்மாதிரியாகச் சொல்லப்படும் அந்த முயற்சியின் பெருமையைக் குறைப்பது இம்மடலின் நோக்கமன்று. எனினும் அது சென்னையின் மாடி வீடுகளையும் மணற்பாங்கான நிலத்தையும் மனத்தில் கொண்டு பரவிய இயக்கம் என்பதையும், குழி இருக்கிறதா, குழிக்குள் ஜல்லி இருக்கிறதா, குழிக்கு ஒரு குழாய் வருகிறதா என்பதே அதன் சரிபார்ப்பாக அமைந்துவிட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கைப்பிடிச்சுவர் சூழ்ந்த கான்கிரீட் தளத்தில் விழும் மழை வேறு வழியில்லாமல் குழாய்க்கு வந்தே தீரும். ஓட்டுக் கூரையிலோ ஷீட் கூரையிலோ விழும் மழைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அது ஓரத்திலிருந்து தாவியும் சிதறியும் பின்வாங்கியும் போக நூறு வழிகள் உண்டு. ஓட்டு வீடும் ஷீட் வீடும் மிகுந்த ஒரு பகுதியில் குழியிலிருந்து கணக்கைத் தொடங்கியது, ஏற்றம் பூட்டாமல் வாய்க்கால் வெட்டியது போலாயிற்று.

பழைய ஓட்டு வீடுகளில் இறவாரம் கவனிப்பாரின்றிக் கிடக்கவில்லை. முற்றம் வைத்த வீட்டில் நான்கு புறக் கூரைகளும் உள்நோக்கிச் சரிந்து, இரண்டிரண்டு சரிவுகள் சேரும் மூலைகளில் கூடுவாய் அமையும். இரண்டு கூரைச் சரிவுகள் பள்ளமாகச் சந்தித்து நீரை ஒருமுகமாக்கும் இடமே கூடுவாய். நான்கு கூடுவாய்களின் முனையில் நான்கு பாத்திரங்களை வைத்தாலே முற்றத்து மழையில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும் என்பதால், நீளமான பீலிக்கு அங்கே தேவையே எழவில்லை. கைமரத்தின் நீளத்தையும் கடைசி வரிசை ஓடு எவ்வளவு வெளியே நீளவேண்டும் என்பதையும் தச்சரும் ஓடு வேய்பவரும் கூடித் தீர்மானித்தார்கள். இன்றைய வேலைப் பிரிவினையில் சுவர் கொத்தனாருக்கும், இரும்புச் சட்டம் வெல்டருக்கும், கூரை ஷீட் போடுபவருக்கும், குழாய் பிளம்பருக்கும் உரியதாகிவிட, இவர்களில் எவருடைய கணக்கிலும் சேராத இறவாரம் புதுமனை புகுவிழாவுக்கு முந்தைய நாள் நினைவுக்கு வரும் பொருளாகிவிட்டது. கூரை முடிந்தபின் மிஞ்சிய தகட்டை வளைத்தோ குழாயை நெடுக்காகப் பிளந்தோ கம்பியால் கட்டித் தொங்கவிடப்படும் பீலி, மழை வரும்போது பாதித் தண்ணீரை வாசலுக்கே விட்டுவிடுகிறது. யாருடைய திறமைக்குறைவும் இதற்குக் காரணமன்று. யாருடைய பொறுப்பும் அங்கே எழுதப்படவில்லை என்பதே காரணம்.

பீலி தண்ணீரைத் தவறவிடும் விதங்களில் முதலாவது, நீர் முன்னே தாவிப் போவது. தூறலில் கூரை ஓரத்திலிருந்து சொட்டும் நீர் தூக்குக்குண்டு நூல் போல நேர்க்கீழே விழும். கனமழையில் சரிவின் வழியே வேகம்பெற்று வரும் நீரோ ஓரத்தை விட்டதும் வளைந்து முன்னே பாயும். அந்த நீர் கிடைமட்டமாக நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொண்டு, அதற்குத் தொடக்கத்திலேயே இருக்கும் கீழ்நோக்கிய வேகத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 5 செ.மீ. கீழே இறங்குவதற்குள் அது ஏறத்தாழ 10 செ.மீ. முன்னே போயிருக்கும், 20 செ.மீ. இறங்குவதற்குள் ஏறத்தாழ 20 செ.மீ. போயிருக்கும். ஆகவே ஒரு சாண் தாழ்வாகக் கட்டப்பட்ட நான்கங்குலப் பீலி, தூறலை முழுவதும் பிடித்துவிட்டு, பிடிக்கத் தகுந்த கனமழையை மட்டும் விட்டுவிடுகிறது. பீலியைக் கூரை ஓரத்தை ஒட்டி, கை நுழையும் அளவு இடைவெளியில் வைப்பதும், கூரை ஓரம் பீலி அகலத்தின் உட்புற மூன்றில் ஒரு பங்கு வரை நீண்டு மீதி இரண்டு பங்கு வெளியே இருக்குமாறு அமைப்பதும் இதற்குரிய முதல் மருந்து.

இங்கேதான் பலரும் எதிர்பாராத ஒரு சிக்கல் குறுக்கிடுகிறது. பீலியில் நீர் ஓட வாட்டம் வேண்டும். வாட்டம் என்பது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருக்கும் சரிவு என்பதைக் கொத்தனார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் என்ற பொதுவிதியைக் கொண்டு 10 மீட்டர் நீளப் பீலியை ஒரே பக்கமாகச் சரித்தால், கூரை ஓரம் மட்டமாகவே இருக்க, பீலியின் கடைமுனை 10 செ.மீ. தாழ்ந்துவிடும், அங்கே முன்னே தாவும் நீர் பீலியைத் தாண்டிவிடும். நீரை ஓடவைக்கும் வாட்டமே நீரைத் தவறவும் விடுகிறது. நடுவிலிருந்து இருபுறமும் ஐந்தைந்து மீட்டராகச் சரித்து, இரு முனைகளிலும் குழாய் இறக்கினால் தாழ்வு 5 செ.மீ.யாகக் குறையும், வாட்டத்தையும் பாதியாக்கினால் 2.5 செ.மீ. மட்டுமே ஆகும். குழாய் ஒன்று கூடுதலாக வாங்கவேண்டி வருவதால் வீட்டுக்காரர் தயங்குவார் என்பது உண்மைதான். ஆயினும் ஆயுள் முழுதும் கடைமுனையில் வழியும் தண்ணீரின் மதிப்போடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறியது.

ஏற்கெனவே தாழ்வாகப் பொருத்தப்பட்டு, கழற்றி மாற்ற இயலாத பீலிகளுக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில், குறிப்பாகக் கென்யாவின் வறண்ட பகுதிகளில், கையாளப்படும் ஒரு வழி இங்கும் பொருந்தும். ஏறத்தாழ ஓரடி அகலமுள்ள தகட்டை நீளவாக்கில் வளைத்து, ஒரு மடிப்பைக் கூரை ஷீட்டின் ஓரத்தில் திருகி, மறு மடிப்பைத் திரைச்சீலை போலப் பீலிக்கு நேராகத் தொங்கவிடுவதே அது. தாவி வரும் நீர் அந்தத் தகட்டின் உட்புறத்தில் மோதி, தன் வேகத்தை இழந்து நேராகப் பீலிக்குள் இறங்கிவிடும். கூரைக்கும் பீலிக்கும் இடையே வாட்டத்தால் உண்டாகும் இடைவெளியையும் இதே தடுப்புத் தகடு மூடிவிடும். தூவானத்தையும், அதாவது காற்று அடித்துச் சிதறும் மழைத்துளிகளையும், ஓரளவு தடுக்கும். வாடைக்காற்றோடு வரும் ஐப்பசி, கார்த்திகை மழையில் வடக்கு, கிழக்கு இறவாரங்களிலும், கோடைக்குப் பின் மாலை வேளைகளில் இடியோடு வரும் குறுகிய பெருமழையில் எல்லாப் புறங்களிலும் இதன் பயன் தெரியும்.

இரண்டாவது விதம் இதற்கு நேர்மாறானது: நீர் முன்னே போகாமல் பின்னே போவது. நீரின் மேற்பரப்பு மெல்லிய தோல் போல இழுபட்டு நிற்கும் தன்மை பரப்பு இழுவிசை எனப்படும்; அந்த விசையாலும் ஒட்டும் இயல்பாலும், மெல்லிய மழையில் ஷீட்டின் ஓரத்திற்கு வந்த நீர் கீழே சொட்டாமல் அடிப்புறமாக வளைந்து, ஷீட்டை ஒட்டியபடியே இரும்புச் சட்டத்திற்கும் சுவருக்கும் ஊர்ந்து போகிறது. சரிவு குறைவான கூரைகளில் இது மிகுதி. சுவரின் மேல்பகுதியில் பாசி படிவதற்கும், வெல்டிங் வைத்த இடத்தில் முதலில் துருப்பிடிப்பதற்கும் காரணம் ஒழுகல் என்று எண்ணி ஷீட்டின் மேல் தார் பூசுகிறார்கள். குற்றம் ஷீட்டின் அடியில் இருக்கிறது. ஷீட்டின் கடைசி ஓரத்தைச் சிறிது கீழ்நோக்கி வளைத்துவிடுவதோ, வளைத்த குறுந்தகடு ஒன்றை ஓரத்தின் அடியில் திருகிப் பீலிக்குள் இறங்கவிடுவதோ போதும். சன்ஷேடின் அடியில் ஓரத்தை ஒட்டிக் கொத்தனார்கள் ஒரு சிறு பள்ளக்கோடு இழுத்து நீரை அங்கேயே சொட்டவைப்பதும் இதே அறிவுதான். அந்த அறிவு சன்ஷேடிலிருந்து ஷீட்டுக்கு வந்துசேர வேண்டும்.

மூன்றாவது, பீலி தொய்வது. தாங்கும் கிளாம்புகளை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வைத்தால், வெற்றுப் பீலி நேராகத் தெரிந்தாலும் நீர் நிறைந்ததும் நடுவில் தொங்கும். பத்து செ.மீ. விட்டமுள்ள அரைவட்டப் பீலி நிறைந்திருக்கையில் மீட்டருக்கு ஏறத்தாழ 4 கிலோ எடை கூடுகிறது. தொய்ந்த இடத்தில் தேங்கும் நீர் முன்விளிம்பால் வழிவதோடு, தெளிந்த நீரில் முட்டையிடும் ஏடிஸ் கொசுவுக்கும், அதன்வழி டெங்குவுக்கும் இடமாகிவிடுகிறது. அரை மீட்டருக்கு ஒரு கிளாம்பு, முதல் கிளாம்பையும் கடைசிக் கிளாம்பையும் பொருத்தி நூல் பிடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பிறகே இடைப்பட்டவற்றைப் பொருத்துவது என்ற ஒழுங்கு இதைத் தீர்க்கும். புளியும் வேம்பும் கூரைமேல் கவிந்த வீடுகளில் சருகு அடைத்தாலும் இதே விளைவுதான். ஆடியிலும் புரட்டாசியிலும் ஒருமுறை அள்ளிவிடுவதற்கு மாற்று இல்லை.

அளவைப் பற்றிய கவலை பலருக்கு உண்டு. ஆனால் பீலி சிறியதாக இருப்பதைக் காட்டிலும் தவறான இடத்தில் இருப்பதே பெரும்பான்மையான குறை. மணிக்கு 60 மி.மீ. என்ற வேகத்தில் பெய்யும் மழையில் 60 சதுர மீட்டர் கூரையிலிருந்து நொடிக்கு ஒரு லிட்டர் நீர் இறங்குகிறது. இருபுறச் சரிவானால் ஒரு பக்கத்திற்கு அரை லிட்டர். கூரைப் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பீலியின் குறுக்குவெட்டில் ஒரு சதுர செ.மீ. என்ற எளிய விதிப்படி, ஒரு பக்கத்து 30 சதுர மீட்டருக்கு நான்கங்குல பி.வி.சி. குழாயை நெடுக்காகப் பிளந்த பாதியே போதுமானது. தாவும் நீரைப் பிடிக்க வாய் அகலம் வேண்டும் என்பதற்காக ஆறங்குலத்தைத் தேர்ந்தால் இன்னும் நல்லது. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது அண்டை மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. கொட்டியது போன்ற மழைக்கு எந்தப் பீலியும் ஈடுகொடுக்காது, ஈடுகொடுக்கவும் வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாளில் பீலி நிரம்பினால் நீர் சுவர்ப்பக்கம் வழியாமல் வெளிப்பக்கம் வழியுமாறு முன்விளிம்பைப் பின்விளிம்பைவிடச் சற்றே தாழ்த்தி வைத்தால் போதும்.

கான்கிரீட் தளமிட்ட மெத்தை வீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: தளத்தின் நீர்வாய் தட்டோட்டு மட்டத்தைவிட உயர்ந்துவிடாமல் இருப்பதும், வாட்டம் அந்த வாயை நோக்கியே இருப்பதும், ஒன்று அடைத்தாலும் மற்றொன்று பணியாற்ற இரண்டு வாய்கள் இருப்பதும் ஆகிய மூன்றையும் கொத்தனார்கள் நன்கறிவார்கள்.

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கங்களில் வேலைக்குப் போகிறவர்களிடம் இம்மடல் தனியாக ஒன்றைக் கேட்கிறது. மலைவாழ் மக்களின் புல் வேய்ந்த வீடுகள் கான்கிரீட்டுக்கும் ஷீட்டுக்கும் மாறிவருகின்றன. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடொன்றுக்கு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம் என வகுக்கப்பட்டிருக்கிறது. புல்கூரையிலிருந்து வடியும் பழுப்பு நீரைச் சமையலுக்குப் பிடிக்க முடியாது. கான்கிரீட்டிலும் தகட்டிலும் முடியும். 300 சதுர அடி என்பது ஏறத்தாழ 28 சதுர மீட்டர், ஒரு செ.மீ. மழையில் அதிலிருந்து 200 லிட்டருக்கு மேல் எடுக்கலாம். கோடையில் ஊற்று வற்றினால் குடத்தோடு சரிவில் இறங்கி ஏறும் பெண்களுக்கு, வீட்டு ஓரத்திலேயே நிறையும் 200 லிட்டர் என்பது பத்துப் பன்னிரண்டு குடங்களின் நடை. புது வீடு கட்டும்போதே வாட்டத்தை ஒரே மூலைக்குத் திருப்பி, அங்கே ஒரு தொட்டிக்குத் திண்ணை போட்டுக் கொடுத்தால் பின்னர் இடிக்கவேண்டி வராது.

பிடித்த நீரைக் காப்பது வேறொரு பெரிய பொருள்; இரண்டு குறிப்புகளை மட்டும் இங்கே சேர்க்கத் தகும். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வருவதால், முதல் அரை மில்லிமீட்டரையாவது தொட்டிக்குள் விடாமல் ஒதுக்கவேண்டும். 60 சதுர மீட்டர் கூரைக்கு அது 30 லிட்டர். நான்கங்குலக் குழாய் மீட்டருக்கு எட்டு, ஒன்பது லிட்டரே கொள்ளும் என்பதால், கடைகளில் சொல்லும் ஒரு மீட்டர் ஒதுக்குக் குழாய் இதற்குப் போதாது. மூடி போட்ட பழைய டிரம் ஒன்று போதும். மற்றொன்று, ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பழைய சிமெண்ட் ஷீட்டில் பீலி கட்ட நேர்ந்தால், அதை உலர்ந்த நிலையில் துளையிடுவதோ அறுப்பதோ தேய்ப்பதோ கூடாது; அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து உயிர்க்கொல்லி நோய்களை உண்டாக்கும். பீலியை ஷீட்டில் மாட்டாமல் கீழுள்ள மரச்சட்டத்திலோ சுவரிலோ கிளாம்பு அடித்து நிறுத்துவதே அந்த வீடுகளுக்கு ஏற்ற முறை. இந்த ஆபத்து வீட்டுக்காரரைவிட வேலை செய்பவருக்கே முதலில் நேர்கிறது.

கோட்டைமலையின் பாறைச்சரிவில் விழும் மழை ஒரு நாழிகைக்குள் ஓடையாகி ஊரைக் கடந்துவிடுவதைத் தியாகதுருகத்தார் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். அந்தப் பாறைக்கு விளிம்பு கட்ட ஒருவராலும் இயலாது. வீட்டுக் கூரைக்கு இயலும். எனவே இம்மடலைப் பெறும் தொழிலாளர்கள், இனி எழுதிக்கொடுக்கும் ஒவ்வொரு கூரை வேலையின் மதிப்பீட்டுத் தாளிலும் இறவாரத்திற்கும் பீலிக்கும் தனியே ஒரு வரி சேர்த்து, அதை யார் செய்வது என்பதையும் அங்கேயே குறிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வீட்டுக்காரர்கள் அந்த வரி இல்லாத தாளுக்கு முன்பணம் தராதிருக்குமாறும், வேலை முடிந்த அன்று கூரைமேல் நான்கு குடம் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றி, கீழே நின்று அது எங்கே விழுகிறது என்று பார்த்த பின்பே கணக்கை முடிக்குமாறும் வேண்டப்படுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஆம் நாளை ஒட்டித் தொடங்குகிறது. ஏணி வைத்து ஏற ஏற்ற காலம் அதற்கு முந்தைய புரட்டாசி மாதம்.